பின்வயல்

ஜனவரி 9, வெள்ளி

முன்வயல் முழுக்கப் பழுத்துவிட்டது. கலப்பின் முதல் தலைமுறை. ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம், ஒரே சிவப்பு. தாய் நம் ஊர்ச் சம்பா மிளகாய், தந்தை வேலியோரத்து ஊசிமிளகாய். சம்பாப் பழத்தைப் பிடித்து இழுத்தால் காம்போடுதான் வரும். அப்புறம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ள வேண்டும். எந்திரத்துக்குக் கிள்ளத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மிளகாய் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். முன்வயல் பழமோ லேசாகத் தட்டினாலே காம்பைச் செடியில் விட்டுவிட்டுக் கைக்கு வந்துவிடுகிறது. பறவை கொத்தியதும் விட்டுவிடும் காட்டுக்குணம், தந்தை கொடுத்தது.

மச்சானுக்கு, என் வீட்டுக்காரருக்கு, வெள்ளிக்கிழமை விடுமுறை. மத்தியானம் வீடியோவில் வந்தார். ஃபோனைச் செடிகளுக்கு மேல் நடத்திக்கொண்டு போய்க் காட்டினேன்.

"ஏ மாரி, இது நம்ம கரிசல்தானா? பாய் விரிச்ச மாதிரில்ல இருக்கு!"

"பழத்தத் தட்டுறேன், பாருங்க."

தட்டினேன். மூன்று பழம் உள்ளங்கையில் விழுந்தது. குவைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினார். அதற்கு முன் ஊரில் நெல் அறுக்கும் எந்திரம் ஓட்டினார். இரண்டு மாதம் நெல், மிச்சம் பத்து மாதம் வேப்பமரத்தடி. அதனால்தான் விமானம் ஏறினார்.

"மிளகாய்க்கு மட்டும் எந்திரம் வந்துட்டா, நான் எதுக்கு இங்க கிடக்கேன்?"

கல்யாணமான நாளிலிருந்து வேடிக்கையாகச் சொல்லுவதுதான். இன்றைக்கு அவர் குரலில் வேடிக்கை இல்லை.

பின்வயலைக் காட்டவில்லை. அங்கே சிக்னல் சரியாக வராது.

ஜனவரி 12, திங்கள்

பின்வயலில் சிக்னல் நன்றாகவே வருகிறது. எங்கள் நிலையத் தலைவர் அங்கே போய் நின்றுதான் தன் மருமகனைத் திட்டுகிறார்.

ஜனவரி 13, செவ்வாய்

கிணற்றுக்குப் பின்னால் இருப்பது பின்வயல். முன்வயலில் நிற்பது போன்ற செடிகளின் விதையைத்தான் அங்கே போட்டிருக்கிறோம். இரண்டாம் தலைமுறை. தாயும் தந்தையும் முதல் தலைமுறைக்குள் ஒளித்து வைத்ததெல்லாம் இதில் வெளியே வந்துவிடும். ஒன்று இடுப்பு உயரம், ஒன்று முழங்கால். ஒன்றில் பழம் வானத்தைப் பார்க்கிறது, இன்னொன்றில் தரையைப் பார்க்கிறது. சந்தை நாளில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டம் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. இந்தக் கூட்டத்திலிருந்து நமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்து, அதன் விதையைப் போட்டு, திரும்பப் பொறுக்கி, திரும்பப் போட்டு ஒரே மாதிரி நிற்க வைப்பதுதான் என் தொழில். முன்வயலைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பவன் நிச்சயதார்த்தத்திலேயே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவன்.

மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இதுவரை வந்ததில்லை.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப்பொங்கல்

காலையில் மதினி வீட்டில் சாப்பாடு. மதினி என்றால் மச்சானின் அக்கா, பேச்சித்தாய். எங்கள் நிலையத்தில் மிளகாய் பறிக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. நான் அவளுக்குத் தாய்மாமன் மகள், அவள் என்னை அதிகாரி என்று ஒருநாளும் மதித்ததில்லை. நல்லதுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மச்சான் கூப்பிட்டார். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"மாட்டேன்னு சொல்லப் போறேன்" என்றார்.

மதினி கையில் இருந்த கரண்டியோடு ஃபோனுக்குள் தலையை நுழைத்தாள். "நெசமாவாடா? நெசமாவா?"

"மாரிகிட்ட கேளு. வயலே ரெடியாயிட்டு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

முன்வயல் பழத்தைக் களத்தில் காயப் போட்டிருந்தோம். இன்று கிளறிப் பார்த்தேன். பாதிக்கு மேல் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, தோல் வெளிறிப் போய்க் கிடக்கிறது. சண்டு வத்தல். வியாபாரி இதைக் கையால்கூடத் தொட மாட்டான்.

எதிர்பார்த்ததுதான். ஊசிமிளகாய் தன் விடும் குணத்தோடு கூடவே குழையும் சதையையும் கொடுத்திருக்கிறது. கல்யாணப் பெண்ணோடு கிளம்பி வந்து திரும்பிப் போகாத சொந்தக்காரி மாதிரி, ஒன்று வந்தால் இன்னொன்றும் கூட வருகிறது. அப்படியென்றால் முன்வயலின் விதையை அப்படியே விவசாயியிடம் கொடுக்கவும் முடியாது. அது கண்ணுக்கு மட்டும் அழகு.

தலைவரிடம் சொன்னேன். "பின்வயலப் பாருங்க, சந்தனமாரி" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்றுதான் ஃபோனை எடுத்தேன்.

அவர் எனக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டார். கோவில்பட்டியில் பட்டறை வைத்திருக்கிற சிநேகிதர் சீனியிடம் பேசிவிட்டாராம். நெல் எந்திரத்தின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டுச் சுழலும் கம்பிகள் வைத்தால் மிளகாய் பறித்துவிடலாமாம். ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். எந்திரத்துக்கு மேலே ஓட்டுநர் இருக்கை, அதில் மீசையோடு ஓர் ஆள், பக்கத்தில் இன்னொரு சின்ன இருக்கை.

"அது யாருக்கு?"

"டாக்டரம்மாவுக்குத்தான். வரப்புல நின்னுக்கிட்டு கத்துனா எனக்கு எப்படிக் கேக்கும்?"

அதற்கு மேல் எப்படிச் சொல்ல? அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை. ஏழு வருஷக் கல்யாணத்தில் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. அவர் வர வேண்டும். காலையில் எழுந்ததும் அவர் இருமுகிற சத்தம் அடுத்த அறையில் கேட்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை, அது பேராசையா?

அடுத்த வெள்ளி சொல்லலாம்.

ஜனவரி 30, வெள்ளி

அவருக்குச் சளி. உடம்பு சரியில்லாதவரிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது.

பிப்ரவரி 2, திங்கள்

காலையிலிருந்து பின்வயலில் கொக்கித் தராசோடு நிற்கிறேன். பழத்தில் கொக்கியை மாட்டி இழுக்க வேண்டும், எவ்வளவு பலத்துக்குக் காம்பை விடுகிறது என்று முள் சொல்லும். பிறகு அந்தப் பழத்தை விரலால் அழுத்திக் குழைகிறதா என்று பார்க்க வேண்டும். நாலில் மூன்று பங்கு விடுகிறது, ஒரு பங்கு விடாமல் பிடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் போட்ட கணக்கு அப்படியே வயலில் நிற்கிறது. ஆனால் விடுகிறதெல்லாம் குழைகிறது. கெட்டியாக இருப்பதெல்லாம் பிடித்துக்கொள்கிறது.

எனக்கு வேண்டியது கெட்டியாகவும் இருந்து, கேட்டதும் விடுகிற செடி. இரண்டு மரபணுவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எப்போதாவது ஒரு விதையில் பிரிந்துபோகும். அந்த ஒரு விதை இந்த வயலில் விழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிப்ரவரி 6, வெள்ளி

சளி தேறிவிட்டது. அறையில் தன் கட்டிலை நேபாளத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இப்போதே தரையில் படுக்கிறாராம். "ஊருக்கு வந்து பாயில படுக்கணும்லா, பழகிக்கிடுதேன்."

குவார்ட்டர்ஸில் கட்டில் இருக்கிறது என்றேன். எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்டார். ஃபோனை வைத்துவிட்டேன்.

சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மதினி மொட்டுக்களுக்குக் கட்டியிருந்த துணிப்பைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தேனீ வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு செடியிலும் சில கிளைகளுக்குப் பூக்கும் முன்பே பை கட்டிவிடுவோம். "செடிக்கு முக்காடு" என்பாள்.

"அவன் ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. நீலம் கொஞ்சம் கூடிட்டு, அத அவன்ட்ட சொல்லாத" என்றாள்.

"மதினி, எந்திரம் வந்துட்டா உங்க பறிப்பு வேலை போயிருமே. அத நினைச்சீங்களா?"

"நினைக்காமலா? எங்க செட்டுல பாதிப் பேரு உன்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாளுக, உனக்குத் தெரியாது." பையை உதறி மடித்தாள். "எனக்குந்தான் கவலையா இருக்கு. ஆனா அவன் வரட்டும் மாரி. எங்க அம்மா செத்ததுக்குக்கூட அவன் ஃபோன்லதான அழுதான். கூலிக்கு நான் வேற எங்கயாச்சும் போய்க்கிடுதேன்."

அப்புறம் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். முன்பெல்லாம் வாய்விட்டுக் கேட்பாள். இப்போது கேட்பதில்லை. கேட்டாலே தேவலை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஃபோனில் சார்ஜ் இல்லை.

பிப்ரவரி 14, சனி

சார்ஜ் இருந்தது. எடுக்கவில்லை. இந்த நோட்டிலுமா பொய் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 18, புதன்

கிடைத்துவிட்டது.

மேற்கு வரிசையின் நடுவில், பார்த்தால் ஒன்றுமே தோன்றாத ஒரு செடி. தராசை மாட்டினேன், முள் அசைவதற்குள் பழம் கழன்று வந்தது. அழுத்தினேன். குழையவில்லை. இன்னொன்று, இன்னொன்று, கிளைக்கு ஒன்று. எல்லாமே கெட்டி, எல்லாமே காம்பைச் செடியில் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு பழத்தைப் பிளந்தும் பார்த்தேன். அதே கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு, கிணற்றடிக்கு ஓடி முகம் கழுவி, திரும்ப ஓடி வந்தேன். செடி அங்கேயேதான் நின்றது. எங்கே போகும்?

முதலில் மச்சானைத்தான் கூப்பிடத் தோன்றியது. பேரைத் தேடி எடுத்து, விரலை வைக்கப் போனேன். அப்புறம் கணக்குப் போட்டேன்.

இது ஒரே ஒரு செடி. இதன் விதை அடுத்த பட்டத்தில் மறுபடியும் சிதறும். பொறுக்கிப் பொறுக்கி ஒரே மாதிரி நிற்க வைக்க நாலு வருஷம். அப்புறம் பல ஊர் மண்ணில் போட்டுப் பார்க்க இரண்டு வருஷம். நிழல்வலைக்குள் கோடையிலும் ஒரு பட்டம் ஓட்டினால் கொஞ்சம் குறையலாம். கொஞ்சம்தான். எனக்கு முப்பத்தாறு வயது. ஆறு வருஷம் கழித்து எனக்கு என்ன வயது என்று கூட்டிப் பார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை.

மஞ்சள் அட்டை கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். மிளகாய்க் கை மேல் பழி போடவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

அவர் கூப்பிடும்போதே நான் கிணற்றுக்குப் பின்னால் நின்றேன். "போன வாரம் எங்க போன?" என்று ஆரம்பித்தார். பதில் சொல்லாமல் ஃபோனைத் திருப்பிப் பின்வயலைக் காட்டினேன்.

"இது யாரு தோட்டம்? களையெடுக்காம விட்டுட்டாகளா?"

"களை இல்ல மச்சான். எல்லாம் மிளகாதான். இதுவும் நம்ம வயல்தான்."

"என்னது, ஒண்ணு நெட்டையா நிக்கி, ஒண்ணு படுத்துக் கிடக்கு?"

"முன்னால ஒரு வயல் காட்டுனேன்லா. அந்த மாதிரிச் செடியில இருந்து விதை எடுத்துப் போட்டா என்ன வரும்னு நினைக்கீங்க?"

"அதே மாதிரிதான வரும்."

"இதுதாங்க வரும்."

நான் நடந்துகொண்டே இருந்தேன். பழம் குழைவதையும் களத்தில் சண்டு வத்தலாகப் போனதையும் சொன்னேன். மஞ்சள் அட்டை கட்டிய செடியைக் காட்டினேன். இது ஒன்றுதான் உருப்படி, இதிலிருந்துதான் இனிமேல் எல்லாம் வர வேண்டும் என்றேன். கூட்டத்தில் ஆய்வறிக்கை வாசிக்கிற குரல் எனக்கு எங்கிருந்தோ வந்துவிட்டது. அந்தக் குரல் இல்லையென்றால் பாதியிலேயே நின்றிருப்பேன்.

"எத்தன வருசம்?"

"ஆறு. நல்லாப் போனா அஞ்சு."

"நீ முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

திரையில் அவர் அறையின் சுவர் மட்டும் தெரிந்தது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் காத்துக்கொண்டு நின்றேன். யாரோ மலையாளத்தில் சோறு வெந்துவிட்டதா என்று கேட்டார்கள். அப்புறம் தொடர்பு போய்விட்டது. சிக்னலால் அல்ல.

பிப்ரவரி 23, திங்கள்

மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்ச கை இன்னும் வெந்து போயிக் கெடக்கு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 27, வெள்ளி

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 28, சனி

ஒரு வரிச் செய்தி வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருஷம்.

மார்ச் 6, வெள்ளி

மத்தியானம் கூப்பிட்டார். சவரம் செய்யாத முகம். சாப்பிட்டாயா என்றார், சாப்பிட்டேன் என்றேன். நீங்க? சாப்பிட்டேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருப்பேன், மாரி."

"தெரியும்."

"பொறவு ஏன் சொன்ன?"

இதற்கு ஒரு வாரமாகப் பதில் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "நீங்க வந்து, சீனியண்ணன்ட்ட எந்திரம் செஞ்சு, முதல் விதையப் போட்டு, அது இப்படி மொளைச்சு நிக்கும்லா. அன்னைக்கு என் மூஞ்சிய எப்படிப் பாப்பீங்க? உங்களுக்குத் திரும்பிப் போகவும் வேல இருக்காது. நீங்க எனக்கு வேணும் மச்சான். அப்படி வேண்டாம்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"கட்டிலைத் திருப்பிக் கேட்டேன். நேபாளத்துக்காரன் தர மாட்டேங்கான்" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எப்போது சிரிப்பு நின்று அழுகை ஆனது என்று தெரியவில்லை. முதலில் அழுதது அவர்தான்.

மார்ச் 13, வெள்ளி

"பின்வயலுக்குப் போ" என்றார், எடுத்த எடுப்பில்.

"எதுக்கு?"

"ஆறு வருசம் பாக்கணும்லா. யாரு யாருன்னு தெரிய வேண்டாமா?"

வரிசை வரிசையாக நடத்திக் காட்டினேன். நெட்டைச் செடிக்குத் தன் மேஸ்திரி பெயரை வைத்தார். இலையே தெரியாமல் காய்த்த செடிக்கு மதினி பெயர். மஞ்சள் அட்டைச் செடியை மட்டும் மரியாதையாக "அவுக" என்றார். வயல் முழுக்க அவர் குரல் கேட்டதில், களையெடுத்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

கிணற்று ஓரம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அங்கே ஒரு செடி தரையோடு படர்ந்து கிடக்கும். எந்திரத்தின் கம்பி அதன் கிட்டேகூடப் போக முடியாது. பழத்தில் தராசை மாட்டி இழுத்தபோது முள் கடைசி வரை போயும் பழம் வரவில்லை, கிளைதான் முறிந்தது. என் குறிப்பில் அதற்கு நேராக 'நீக்குக' என்று எழுதியிருக்கிறேன். சிவப்புத் துணியும் கட்டியாகிவிட்டது.

"இது என்ன சிவப்புத் துணி?"

"பிடுங்கப் போறோம்னு அர்த்தம். காம்ப விடவே மாட்டேங்குது. ஒண்ணுக்கும் ஆகாது."

"பிடுங்காத."

"மச்சான், இதோட மகரந்தம் மத்ததுல சேந்துச்சுன்னா..."

"பூவக் கிள்ளிப் போடு. செடியப் பிடுங்காத. நான் வந்து பறிச்சுக்கிடுதேன்."

மார்ச் 24, செவ்வாய்

தேர்வு முடிந்தது. மஞ்சள் அட்டைச் செடியில், முக்காடு போட்ட கிளைகளின் பழத்தை மட்டும் தனியாகப் பறித்து விதை எடுத்து நிழலில் உலர்த்தியிருக்கிறேன். ஒரு கைப்பிடிகூட இல்லை. தலைவர் வந்து பார்த்து, சந்தோஷத்தில் என் பெயரையே தப்பாகச் சொன்னார். ஏப்ரலில் நிழல்வலைக்குள் விதைப்பு.

சிவப்புத் துணி கட்டியதையெல்லாம் இன்று பிடுங்கிவிட்டோம். கிணற்று ஓரச் செடிக்கு வந்ததும் மதினி என்னைப் பார்த்தாள். நான் துணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இதுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததுக்கா நீ துணியக் கழட்டுவ?" என்றவள், நான் சொல்லாமலே கீழே உட்கார்ந்து அதன் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

பின்வயல் காலி. உழுதுகூட ஆகிவிட்டது, கிணற்று ஓரத்தில் ஒரு மூலையை மட்டும் டிராக்டர்க்காரர் என்னைத் திட்டிக்கொண்டே விட்டுவிட்டுப் போனார். மூன்று நாளாகப் பேய்க்காற்று. களத்தில் மூடி வைத்த தார்ப்பாயே பறந்து வேலியில் தொங்கியது.

காற்று நின்றதும் அந்தக் கிணற்று ஓரச் செடியைப் போய்ப் பார்த்தேன். இலை பாதி உதிர்ந்துவிட்டது. பழம் எல்லாம் செடியிலேயே காய்ந்து சுருங்கிக் கறுத்துவிட்டது. கீழே ஒன்றுகூட விழவில்லை.

மச்சானிடம் காட்டினேன். "நான் வந்து பறிக்கத்தான் நிக்கி" என்றார்.

பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதற்கு ஊற்றிவிட்டு வந்தேன்.